சந்தேகம் வாங்கிய குட்டி ஜீப்

மதுரையில் தினமும் காலையில் மாடியேறி, சூரியன் கிழக்கில்தான் உதித்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பல் துலக்கப் போன மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவிலும், அவரும் நானும் வேலை பார்த்த நூல் மில்லின் டவுன் ஆபீசிலும் அவர் பெயர் ‘சந்தேகம்’.

“ஒரு சந்தேகம்...” என்று இழுக்காமல் அவர் எந்தப் பேச்சையும் தொடங்கியதில்லை. அதனால் வந்த பெயர். அந்தப் பெயரால் ஆபீசில் நாள்தோறும் குழப்பம். “எனக்குச் சந்தேகம் உடனே வேணும்” என்பார் மேனேஜர். “சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு சார்” என்பான் பியூன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அன்று முழுக்க எங்களை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர் பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சந்தேகம் அதன் முன்னால் நின்று, “ஒரு சந்தேகம். இது வேலை செய்யுமா?” என்றார்.

“செய்யும்ணே. அதுக்குத்தான மாட்டியிருக்கு” என்றேன்.

“யாரு பாத்தா?”

நான் பதில் சொல்வதற்குள் பிடியை அழுத்திவிட்டார். அதே நேரம் மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தூசி அடங்கியபோது, தலை முதல் கால் வரை திருநீறு பூசிய சாமியார் போல மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். “வேலை செய்யுது சார்” என்றார் சந்தேகம், மனநிறைவோடு.

அப்படிப்பட்டவர் கார் வாங்கத் துணிந்ததற்குக் காரணம் டவுன் பஸ். ஏறும்போது டிரைவரிடம், “பழங்காநத்தம் போகுமா?” என்று கேட்பார். ஏறியதும் கண்டக்டரிடம் கேட்பார். உட்கார்ந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்பார். “அண்ணே, போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல?” என்று ஒரு கண்டக்டர் கத்தியபோது, “மாத்த மறந்திருந்தீங்கன்னா?” என்றார். அதன் பிறகு அந்த ரூட்டில் எந்தக் கண்டக்டரும் அவர் நிற்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அவர் ஓடி வருவதற்குள் விசில் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, “ஒங்களுக்குன்னு ஒரு வண்டி வாங்கிக்கங்க. அதுக்கிட்ட எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க. அது திருப்பிப் பேசாது” என்று சொல்லிவிட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. பைபாஸ் ரோட்டில் கார் ஷோரூம்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. காருக்கும் ஜீப்புக்கும் பிறந்த பிள்ளை மாதிரி, பின்கதவில் ஸ்டெப்னி டயரைச் சுமந்துகொண்டு, நீளத்தில் குட்டையாகவும் உயரமாகவும் ஒரு வண்டி வந்திருந்தது. ஆங்கிலப் பேப்பர்கள் அதற்கு எஸ்.யு.வி. என்று பெயர் சொல்லின. மதுரைக்கு அது குட்டி ஜீப். மாதச் சம்பளக்காரனும் தவணையில் எட்டிப் பிடிக்கும் விலை. மழை பெய்தால் பழங்காநத்தம் ரோட்டில் தேங்கும் தண்ணீரைத் தாண்டக்கூடிய உயரம். சந்தேகத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பிடிப்பதும் வாங்குவதும் அவருக்கு வேறு வேறு.

ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு விற்பனைப் பையன் மாட்டிக்கொண்டான். முதல் நாள் விளம்பரத் தாளை நீட்டி, “ஒரு சந்தேகம். அஞ்சு பேர் உக்காரலாம்னு போட்டிருக்கு. எந்த அளவு அஞ்சு பேர்?” என்றார்.

“சாதாரணமா அஞ்சு பேர் சார்.”

“எங்க ஆபீஸ்ல யாரும் சாதாரணமா இல்லையே தம்பி.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்களை அழைத்துப் போனார். உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள். கேன்டீன் மாஸ்டர் ஒருவரே ஒன்றரை ஆள். ஒல்லியான என்னைச் ‘சந்து அடைக்க’ என்று சேர்த்துக்கொண்டார். எங்களை உள்ளே ஏற்றிக் கதவுகளைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று கையை உயர்த்தி, “எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுங்க” என்றார். இழுத்தோம். கேன்டீன் மாஸ்டர் இழுத்தபோது என் விலா எலும்பு ஒன்று இடம் மாறியது. சந்தேகத்துக்குத் திருப்தி.

அடுத்து, வண்டிக்கும் தரைக்கும் நடுவே உள்ள உயரம். விற்பனைப் பையன் அதை மில்லிமீட்டரில் சொன்னான். இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பளிங்குத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். ஷோரூமுக்குள் நுழைந்த ஒரு குடும்பம், யாரோ அடிபட்டுக் கிடப்பதாக நினைத்து அலறியது. காவலாளி சோடாவோடு ஓடி வந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது. “என் தொப்பை தட்டல தம்பி. அப்ப நம்ம தெரு ஸ்பீடு பிரேக்கரும் தட்டாது.”

கடைசியில் விற்பனைப் பையன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு கேட்டான். “சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க வாங்குவீங்களா, மாட்டீங்களா?”

“எனக்கும் அதுதான் தம்பி சந்தேகமா இருக்கு.”

ஆனாலும் வாங்கினார். மதினி சிவப்பு கேட்டார். “அலங்காநல்லூர்ப் பக்கம் போனா மாடு பாத்துருச்சுன்னா?” என்று சொல்லி இவர் வெள்ளையை எடுத்தார். பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது ஒரு பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. இறங்கிப் போய் அதைப் பிடித்து வந்து, திரும்பவும் வைத்து, சாறு தெறிப்பதை உட்கார்ந்து பார்த்த பிறகே வண்டி தெருவுக்குள் வந்தது.

வந்ததிலிருந்து அந்த வண்டியில் யாரும் விரும்பி ஏறியதில்லை. கிளம்பும் முன் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்ப்பார். கதவுகளைத் திறந்து திறந்து மூடுவார். ஓட ஆரம்பித்த பிறகும் பிரேக் இருக்கிறதா என்று அடிக்கடி மிதித்துப் பார்ப்பார். பக்கத்தில் உட்காருகிறவர் இடதுபுறம் பார்த்து, “வரல, வரல” என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்வதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். “வாங்க தம்பி, ஆபீசுக்குத்தான போறீங்க, விட்டுர்றேன்” என்பார் என்னிடம். “இல்லண்ணே, அவசரமாப் போகணும். நடந்தே போயிர்றேன்” என்பேன்.

இப்படியே சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு என் தங்கை கலாவின் கல்யாணத்தன்று சிரிப்பு போய்விட்டது.

கலா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மாப்பிள்ளை சரவணன் உசிலம்பட்டியில் அப்பாவோடு உரக்கடை நடத்துகிறவர். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். முதல்நாள் இரவு அந்த மண்டபத்தில் வேறொரு விசேஷம் இருந்ததால் காலையில்தான் நாங்கள் போக முடியும். அப்பாவும் சொந்தக்காரர்களும் விடியும்போதே வேனில் கிளம்பிவிட்டார்கள். சந்தேகத்தின் வண்டி சும்மா நிற்க, மதினியும் வேனில்தான் ஏறிப் போனார். கல்யாணப் பெண், அம்மா, நான் மூவரும் பூ அலங்கரித்த வாடகைக் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

கார் வரவில்லை. போன் அடித்தால் டிரைவர், “அண்ணே, வண்டி திருப்பரங்குன்றத்துலயே படுத்துருச்சு. வேற வண்டிக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்” என்றான். நல்ல முகூர்த்த நாள். மதுரையில் அன்று ஓடுகிற நிலையில் இருந்த கார்களெல்லாம் யாராவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. பட்டுப் புடவையும் மாலையுமாகக் கலா வாசலில் நின்றாள். அம்மா தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடியில் சந்தேகம், புதுவேட்டி கட்டி, கல்யாணத்துக்குக் கிளம்புவதற்காக வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என் காதருகே, “வேற யாருமே இல்லையாடா?” என்றாள். யாருமே இல்லை.

“ஏறுங்கம்மா. நம்ம வீட்டுக் கல்யாணம். நான் கொண்டுபோயிச் சேக்குறேன்” என்றார் சந்தேகம்.

ஏறினோம். கலாவும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயர்களைத் தட்டினார். கலாவின் புடவைத் தலைப்பு கதவில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். திரும்பவும் பார்த்தார். காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்ததும், எதிர்த்திசைக்காரனுக்கும் பச்சை விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் அவர் நின்றுவிட, மறுபடி சிவப்பு வந்தது. பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. என் செல்போனில் அப்பா கூப்பிட்டார். “எங்கடா வாரீங்க? மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டாங்கடா!”

“வந்துட்டே இருக்கோம்பா” என்றேன். வண்டி நின்றுகொண்டிருந்தது.

நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் பின்கதவு சரியாகச் சாத்தவில்லை என்று இறங்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஓரங்கட்டினார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வெறும் கரிசல் காடு. தேனி பஸ்கள் எங்களைத் தாண்டிப் பறந்தன. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “அண்ணே, ஒரு சத்தமும் இல்லண்ணே! எடுங்கண்ணே! முகூர்த்தம் போயிரும்!” என்று கத்தினேன். கலாவுக்கு முன்னால் அவரிடம் அப்படிக் கத்தியது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது.

செக்கானூரணி நெருங்கும்போது திரும்பவும் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். இந்த முறை இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தார்.

“ஒரு சந்தேகம்” என்றார்.

“ஐயா சாமி, ஒங்களக் கும்புடுறேன், வண்டிக்கு ஒண்ணும் ஆகலைய்யா!” அம்மா அழுதே விட்டாள்.

“வண்டி மேல இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, இருக்கையில் அப்படியே திரும்பிப் பின்னால் பார்த்தார். “கெளம்புனதுலருந்து கண்ணாடியில பாத்துக்கிட்டே வாரேன். கல்யாணப் பொண்ணு ஒரு வார்த்த பேசல. மொகத்துல தெளிச்சியே இல்ல. ஏம்மா கலா, ஒனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதந்தானா?”

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். “என்ன கேள்வி கேக்குறீங்க? அம்புட்டுப் பேரும் அங்க வந்து உக்காந்திருக்காங்க. இப்பப் போயி...”

“இப்பக் கேக்கலேன்னா எப்பம்மா கேக்குறது?” என்றார் அவர். குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருந்தது.

கலா மாலையிலிருந்த ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டே பேசினாள். “அவரப் புடிச்சிருக்குண்ணே. நல்ல மாதிரியாத்தான் தெரியுது. ஆனா போன் பண்ணும்போதெல்லாம் எதையோ சொல்ல வாராரு. ‘ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’பாரு. அப்புறம் ஒண்ணுமில்லைன்னு வச்சிருவாரு. நேத்து பேசும்போது கொரலு அழுத மாதிரி இருந்துச்சு. என்னன்னே தெரியாம எப்படிண்ணே கழுத்த நீட்டுறது?”

நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவன். சமையல்காரரிடம் பேசினேன், பந்தல்காரரிடம் பேசினேன். இது எனக்குத் தெரியாது.

“வேற பொம்பளத் தொடுப்பா இருக்குமோ?” என்றாள் அம்மா. உடனே அவளே, “ச்சீ, என்னத்தையாவது மனசுல போட்டுக்காதடி. எல்லாம் கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும். நீங்க வண்டிய எடுங்க” என்றாள்.

“என்ன சத்தம்னு தெரியாம நான் வண்டியவே ஓட்ட மாட்டேம்மா” என்றார் சந்தேகம். “இது பொண்ணோட வாழ்க்க. மாப்பிள்ளையக் கேட்டுட்டாப் போச்சு.”

“எப்ப? எப்படிக் கேப்பீங்க? மேளம் அடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க!” என்றேன்.

அவர் சாவியைத் திருகினார். அதன் பிறகு அவர் ஓட்டியதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. ஓரமாக ஊர்ந்து பழகிய மனிதர், வைக்கோல் லாரியைத் தாண்டினார். தேனி பஸ்ஸைத் தாண்டினார். நான் பழக்கதோஷத்தில், “வரல, வரல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “வந்தா நான் பாத்துக்கிறேன், நீங்க பேசாம வாங்க” என்றார். எதிரே ஆட்டுமந்தை ஒன்று ரோட்டைக் கடந்தபோது வண்டி மண்ணில் இறங்கி, குலுங்கி, மறுபடி தார் ரோட்டில் ஏறியது. அம்மா கண்ணை மூடி மீனாட்சியைக் கூப்பிட்டாள். கலா முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

மண்டபத்து வாசலில் வாழைமரமும் நாதஸ்வரமும், ஆரத்தித் தட்டோடு பெண்களும் தயாராக நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் மேளம் வேகமெடுத்தது. சந்தேகம் நிறுத்தவில்லை. ஆரத்தித் தட்டைத் தாண்டி, கையை நீட்டியபடி ஓடிவந்த அப்பாவைத் தாண்டி, மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் சமையல்கட்டு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“போயி மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க தம்பி.”

“என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வர?”

“போட்டோன்னு சொல்லுங்க. போட்டோன்னாத்தான் கல்யாண வீட்டுல எவனும் மறுகேள்வி கேக்க மாட்டான்.”

பின்வாசல் வழியாக ஓடினேன். மணமகன் அறையில் சரவணன் தனியாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்காத கண். போட்டோ என்றதும் எழுந்து வந்துவிட்டார். பின்சீட்டில் கலாவுக்குப் பக்கத்தில் ஏற்றினேன். நான் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தியதும், சந்தேகம் எல்லாக் கதவையும் ஒரே தட்டில் பூட்டினார்.

“மாப்ள, போட்டோ இல்ல” என்றார். “இந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சொல்லணும்னீங்களாம். சொல்லிருங்க.”

சரவணனின் முகம் வெளுத்துப்போனது. கதவைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். அதற்குள் வெளியே செய்தி பரவிவிட்டது. மாப்பிள்ளையை யாரோ ஜீப்புக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள்! சரவணனின் அப்பா, சித்தப்பா, மாமன்மார்கள், சமையல்காரர்கள் எல்லாரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடி ஏற்றி ஏசி ஓடியதால் அவர்கள் கத்துவது எங்களுக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்டது. கோபமான முகங்கள் கண்ணாடியில் வந்து வந்து ஒட்டின. ஒருவர் கையில் கரண்டி இருந்தது. யாரோ பானட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார்கள். தன் வண்டியில் ஒரு கொசு உட்கார்ந்தாலே கீறல் விழுந்ததா என்று பார்க்கிறவர், அசையவே இல்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, “யாரு தட்டுனாலும் கதவு தொறக்காது மாப்ள. அவசரப்படாமச் சொல்லுங்க” என்றார்.

சரவணன் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு வலிப்பு இருக்கு” என்றார். “சின்ன வயசுலருந்து. மாத்திர சாப்புடுறேன். இப்ப வர்றதில்ல. சொல்லிருவோம்னு நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. போன எடுத்தா வார்த்த வர மாட்டேங்குது. ஒங்களுக்கு வேணாம்னா நான் இப்பவே எல்லார்கிட்டயும் என்னாலதான் கல்யாணம் நிக்கிதுன்னு சொல்லிர்றேன். ஒங்க மேல ஒரு பேச்சு வராது.”

“ஏமாத்திட்டாங்களே!” அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “எல்லாரும் சேந்து ஏமாத்திட்டாங்களே!”

சந்தேகம் மெல்ல அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, இதே சீக்கு கல்யாணம் ஆனதுக்கப்புறம் நம்ம பொண்ணுக்கு வந்தா, மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்லணும்னு நெனப்பீங்க?”

அம்மா தலையிலிருந்து கையை எடுத்தாள். கலா மட்டும் சரவணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறிவிட்டிருந்தது. கல்யாணப் பெண் முகம் போய், வார்டில் படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டு வருகிற நர்ஸின் முகம் வந்திருந்தது.

“கடைசியா எப்ப வந்துச்சு?”

“ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“என்ன மாத்திர?”

சொன்னார்.

“யாரு எழுதிக் குடுத்தா? செக்கப்புக்கு ஒழுங்காப் போறீங்களா?”

“மதுரையிலதான். தவறாமப் போறேன்.”

“நேத்து ராத்திரி தூங்குனீங்களா?”

“இல்ல.”

“காலைல மாத்திர போட்டீங்களா?”

சரவணன் விழித்தார். “இல்ல... பதட்டத்துல மறந்துட்டேன்.”

கலா அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள். பிறகு, “தூங்காம, மாத்திரையும் போடாம, ஓமப் பொகையில போயி உக்காரப் போறீங்களா?” என்று அதட்டினாள். அந்த அதட்டலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வேண்டாம் என்று நினைக்கிறவள் அப்படி அதட்ட மாட்டாள். “மாத்திர எங்க இருக்கு?”

“ரூம்புல, பைக்குள்ள.”

“எடுத்துட்டு வரச் சொல்லுங்க. போட்டுட்டு, ரெண்டு இட்லி சாப்புட்டுட்டுத்தான் மணவறையில உக்காரணும். இன்னொண்ணு. இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட நேராச் சொல்லணும். யாரு சத்தியம் வாங்குனாலும் சரி.”

சரவணன் தலையாட்டினார். பட்டு அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா தன் முந்தானையால் கலாவின் நெற்றியில் கலைந்திருந்த பொட்டைச் சரி செய்தாள்.

“தொறக்கலாமாம்மா?” என்றார் சந்தேகம்.

“தொறங்கண்ணே” என்றாள் கலா.

கதவு திறந்ததும் கூச்சல் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. கரண்டிக்காரர் சந்தேகத்தின் சட்டையைப் பிடித்துவிட்டார். சரவணன் இறங்கி அந்தக் கையை விலக்கினார். பிறகு தன் அப்பாவின் முன்னால் போய் நின்று, “சொல்லிட்டேன்பா” என்றார். பெரியவர் கலாவைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மூச்சு வாங்க ஓடிவந்த எங்கள் அப்பா, “என்னம்மா, என்ன நடந்துச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லப்பா. அவரு மாத்திர போடணும். ஒரு சொம்புல தண்ணி வேணும்” என்றாள் கலா.

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது தாலி ஏறியது. மாப்பிள்ளை மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மணவறையில் உட்கார்ந்தார். ஓமப் புகை அவர் பக்கம் வராமல் கலா ஒரு விசிறியை வாங்கித் தானே வீசிக்கொண்டதை, மணப்பெண்ணுக்கு வேர்க்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். உரக்கடை உசிலம்பட்டியிலேயே இன்னும் பெரிதாகியிருக்கிறது. சரவணனின் அப்பா கடைசி வரை என் தங்கையைத்தான் தன் மாத்திரைகளையும் எடுத்துத் தரச் சொல்வார். அதெல்லாம் பிறகு.

அன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது மதினி என்னைத் தேடி வந்தார். “எங்க தம்பி அவரு? எலையில உக்காரவே இல்லையே. யாரும் ஏதாவது சொல்லிட்டாங்களா?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மண்டபத்தில் அவரை யாரும் தேடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு என்ன நடந்ததென்றே முழுதாகத் தெரியாது. சமையல்கட்டு ஓரமாகப் போய்ப் பார்த்தேன். குட்டி ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. பானட்டில் நன்றாக ஒரு பள்ளம். டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. அவர் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பட்டன் இரண்டு பிய்ந்திருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. கட்டடத்து நிழல் நகர்ந்து வெயில் அவர் முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாகப் போய் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.